நூறு பேரின் கணக்கு

"இன்னும் எத்தனை நாள்?"

நோயுற்றவரின் உறவினர் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளுள் முதன்மையானது இதுவே. வாய்விட்டுக் கேட்பவரும் உளர். கேட்க அஞ்சி, மருத்துவரின் முகத்தையே உற்று நோக்கி விடை தேடுபவரும் உளர். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், எங்கள் மூத்த அண்ணனுக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை முடிந்தபோது, நாங்கள் இரண்டாம் வகையினராகவே இருந்தோம். நாங்கள் என்பது தம்பியர் இருவரும் தங்கை ஒருத்தியும். தந்தை இறந்தபின் எங்கள் மூவரையும் படிக்க வைத்து ஆளாக்கியவர் அண்ணன். தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இளமையில் பீடியும் பின்னர் சிகரெட்டும் அவருடைய தோழர்கள். 2009-இல் அவற்றை அறவே விட்டொழித்தார். எனினும் பழைய கடன் வட்டியுடன் வந்து நின்றது.

இருமலை உப்புக் காற்றின் மேல் பழி போட்டு ஆறு மாதங்களைக் கழித்து விட்டோம். சளியில் செந்நிறம் கண்ட பிறகே மருத்துவமனைக்குச் சென்றோம். வலது நுரையீரலின் மேல் மடலில் மூன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி. மடலை முழுவதுமாக அகற்றினார்கள். அருகிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும், அதாவது நாம் நெறிக்கட்டி என்கிறோமே அவற்றையும், எடுத்துச் சோதித்தார்கள். அவற்றுள் ஒன்றில் புற்று புகுந்திருந்தது.

நுரையீரல் புற்றுக்கு இவ்வாறு கத்தி வைக்கும் துணிவு மருத்துவ உலகுக்கு வந்து இன்னும் நூறு ஆண்டுகள் நிறையவில்லை. 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரகாம் என்னும் அறுவை மருத்துவர், ஜேம்ஸ் கில்மோர் என்ற நோயாளியின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் எடுத்தார். கில்மோரும் ஒரு மருத்துவரே. அவர் பிழைத்தார், பல்லாண்டுகள் தம் தொழிலையும் நடத்தினார். புகைப் பழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950-இல் வெளியான ஆய்வொன்றில் எர்னஸ்ட் வைண்டருடன் சேர்ந்து எடுத்துக் காட்டியவரும் அதே கிரகாம்தான். அவர் தாமும் நெடுங்காலம் புகைத்தவர். 1957-இல் நுரையீரல் புற்றுநோயாலேயே மறைந்தார். அறுத்தவர் போன பின்னும் அறுக்கப்பட்டவர் இருந்தார். 1933-இல் அவ்விருவரையும் அருகருகே நிறுத்தி, "யார் முன்னர் போவார்?" என்று கேட்டிருந்தால், சரியான விடை கூறியிருப்பார் எவருமிலர்.

ஆனால் மருத்துவ நூல்கள் விடை கூற முயலாமல் இல்லை. கட்டியின் அளவு, நெறிக்கட்டிகளின் நிலை, நோய் தொலைவிடங்களுக்குப் பரவியதா என்பது ஆகிய மூன்றையும் கொண்டு நோயைப் படிகளாகப் பிரித்துள்ளனர். அண்ணனுடையது இரண்டாம் படியின் பிற்பகுதி. 2016-இல் வெளியிடப்பட்ட உலகளாவிய பட்டியலின்படி, இப்படியில் உள்ள நூறு பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டுகின்றனர். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு கட்டியாய்த் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டோரில் தொண்ணூறு பேருக்கு மேல் தாண்டுகின்றனர்.

பாதிப் பேர்! அந்தச் சொல்லை மதினியிடம் எப்படிச் சொல்வது? அண்ணனிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் மூவரும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று, அறிக்கையை அண்ணன் கண்ணில் காட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். நல்லெண்ணத்தால் செய்த முடிவுதான். அது எங்களை எங்கே கொண்டு சென்றது என்பதைப் பின்னர் கூறுவோம்.

அறுவைக்குப் பின் கீமோதெரபி வேண்டும் என்றார் புற்றுநோய் மருத்துவ அம்மையார். அவர் மறைக்காமல் பேசும் இயல்பினர். "நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைச் சேர்த்து 2008-இல் வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் சிஸ்பிளாட்டின் கலந்த மருந்தைப் பெற்றவர்களில், பெறாதவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதலாக ஐந்தாண்டு வாழ்ந்தார்கள்" என்றார்.

"ஐந்து பேர்தானா?" என்று திகைத்துக் கேட்டான் அண்ணன் மகன்.

"ஐந்து பேர்தான் தம்பி. மற்றவர்களில் பலருக்குக் கத்தி ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். இன்னும் பலருக்கு மருந்து கொடுத்தும் நோய் திரும்பியிருக்கும். அந்த ஐவர் யார் என்று முன்கூட்டித் தெரிந்தால், ஏனையோரை இந்தத் துன்பத்தினின்று காக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது."

அந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி புரதங்களைப் பற்றியது. புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் பணி செய்கின்றன. புற்றுற்ற உயிரணுவில் அவற்றுள் சில மிகுகின்றன, சில குறைகின்றன, சில இருக்கக் கூடாத இடத்தில் தோன்றுகின்றன. இவற்றை அடையாளப் புரதங்கள் என்று நாம் அழைக்கலாம். அறுத்தெடுத்த கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலினும் மெல்லிய சீவல்களாகச் சீவி, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக் கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் இட்டுச் சாயமேற்றுவர். அப்புரதம் உள்ள இடம் பழுப்பு நிறம் கொள்ளும். நுண்ணோக்கியில் கண் பதித்து, நூறு உயிரணுக்களில் எத்தனை பழுப்பாயின என்று எண்ணுவர். 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் அறிவிக்கப்பட்ட கி–67 என்னும் அடையாளம் அத்தகையது. ஊரின் பெயரையும், தட்டில் அது இருந்த குழியின் எண்ணையும் சேர்த்து அப்பெயர் இட்டனர். உயிரணுக்கள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்பதை அது காட்டும்.

அண்ணன் மகன் சென்னையில் பணி புரிபவன், படித்தவன். இரவெல்லாம் தேடி ஓர் ஆய்வைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்தான். "அந்த ஐவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதே, டாக்டர்! அப்பாவின் கட்டியில் ஈ.ஆர்.சி.சி.1 என்ற புரதத்தைச் சோதித்தால் போதுமே!" என்றான்.

அவன் கூறியது பொய்யன்று. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து புற்று உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துச் சிதைக்கிறது. ஈ.ஆர்.சி.சி.1 அச்சிதைவைச் செப்பனிடும் புரதம். செப்பனிடுபவன் இல்லாத கட்டியில் மருந்து நன்கு வேலை செய்யும் என்பது அறிவுக்குப் பொருத்தமான எண்ணமே. 2006-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 761 பேரின் கட்டிகளைச் சோதித்து, அவ்வாறே இருப்பதாக உலகின் தலைசிறந்த மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். அப்புரதம் இல்லாதோர் கீமோதெரபியால் பயன் பெற்றனர், உள்ளோர் பெறவில்லை. பெருமகிழ்ச்சி பரவியது.

அம்மையார் புன்னகையுடன் மறு பாதியைக் கூறினார். அதே ஆய்வுக் குழுவினர் பின்னர் மீண்டும் சோதித்துப் பார்த்தனர். பழைய விடை கிடைக்கவில்லை. ஏன்? அவர்கள் பயன்படுத்திய எதிர்ப்பொருள் அதே பெயரில்தான் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதன் தன்மை இடையில் மாறியிருந்தது. விற்பனையில் கிடைத்த பதினாறு வகை எதிர்ப்பொருள்களையும் சோதித்தனர். அப்புரதத்துக்கு நான்கு வடிவங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றே செப்பனிடும் பணியைச் செய்வது. அந்த ஒன்றை மட்டும் பிரித்தறிய எந்த எதிர்ப்பொருளாலும் இயலவில்லை. 2013-இல், அதே இதழில், தம் பழைய முடிவைச் சிகிச்சைக்கு வழிகாட்டியாகக் கொள்ள இயலாது என்று அவர்களே எழுதினர். தாம் கட்டிய வீட்டின் அடித்தளம் ஆடுகிறது என்று தாமே ஊரறியச் சொன்னார்கள்.

அண்ணன் மகன் தலை குனிந்தான். நான்கு முறை கீமோதெரபி நடந்தது. வாந்தியும் சோர்வும் காதில் ஓயாத இரைச்சலும் அண்ணனைப் பற்றிக் கொண்டன. அந்த ஐவருள் ஒருவராக அவர் இருக்க வேண்டும் என்று மட்டும் நாங்கள் வேண்டிக் கொண்டோம்.

அடுத்து வந்தது வேறொரு புரதம். பி.டி.எல்.1 என்பது அதன் பெயர். நம் உடலின் காவல் அணுக்களில் பி.டி.1 என்னும் தடைக்கட்டை ஒன்று உண்டு. ஜப்பானிய அறிஞர் தசுகு ஹோன்ஜோவின் குழுவினர் அதை 1992-இல் கண்டறிந்தனர். 2018-இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. புற்று உயிரணு பி.டி.எல்.1-ஐத் தன் மேல் அணிந்து கொண்டு அத்தடைக்கட்டையை அழுத்துகிறது. காவலர் கை கட்டி நிற்கின்றனர். அந்த அழுத்தத்தை நீக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை அறுவையும் கீமோதெரபியும் முடிந்தோருக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. அப்புரதம் நூற்றுக்கு ஐம்பதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு நோய் திரும்புவது நன்கு குறைந்தது. ஒன்று முதல் நாற்பத்தொன்பது வரை உள்ளோருக்குக் கிட்டிய பயன் சிறிது, உறுதியாகச் சொல்லத்தக்கதன்று. அமெரிக்க அரசு ஒன்றிலிருந்தே கொடுக்கலாம் என்று 2021-இல் இசைவளித்தது. ஐரோப்பிய நாடுகள் ஐம்பது இருந்தாலன்றிக் கூடாது என்று 2022-இல் கோடு போட்டன. ஆய்வு ஒன்றே, கோடுகள் இரண்டு.

அண்ணனுக்கு வந்த எண் பத்து.

அந்த மருந்துக்கு ஓராண்டில் ஆகக்கூடிய செலவைக் கேட்டபோது எங்களுக்கு மூச்சடைத்தது. பூர்வீக வீட்டை விற்றால்தான் முடியும். "விற்று விடுவோம்" என்றோம் நாங்கள். "விற்று விடுங்கள்" என்றார் மதினி. அந்த வீட்டின் விலையில்தான் அண்ணன் மகளின் திருமணமும் இருந்தது. மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. மறுப்பது அண்ணனைக் கைவிடுவதாகும் என்று அஞ்சினோம். அம்மையாரோ, "இந்த எண்ணுக்கு வீட்டை விற்கச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஐம்பதுக்கு மேல் இருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பேன். நோயாளியையும் அழைத்து வாருங்கள், அவரும் சொல்லட்டும்" என்றார். நாங்கள் அழைத்துச் செல்லவில்லை. மருந்தும் வாங்கவில்லை. முடிவை அவருக்குத் தெரியாமலே எடுத்து, குற்றவாளிகளைப் போல் அவர் முகம் பாராமல் நடமாடினோம்.

குற்ற உணர்ச்சி மனிதரைச் சும்மா இருக்க விடாது. 2023-இன் நடுவில், மருத்துவர் சொல்லாமலே, அண்ணனின் குருதியை எடுத்துச் சோதிக்கத் தொடங்கினோம். சர்க்கரை பார்ப்பதற்கு என்று அவரிடம் கூறினோம். நாங்கள் பார்த்தது சி.இ.ஏ. என்னும் புரதத்தை. 1965-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஃபில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் பெருங்குடல் புற்றிலும் கருவிலுள்ள சிசுவின் குடலிலும் கண்டறிந்தது அது. நுரையீரல் புற்றுடையோர் சிலரிடத்தும் அது மிகும். அறுவைக்கு முன் மிகுந்திருந்து, அறுவைக்குப் பின்னும் இறங்காவிடில், நோய் திரும்பும் அச்சம் கூடுதல் என்பர். அண்ணனுக்கு அறுவைக்கு முன் 7.8 இருந்தது; பின்னர் 2.9 ஆக இறங்கியது. இப்போது எங்கள் தெருவுக்கு அருகில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் 4.6 என்று வந்தது. மறு மாதம் 5.2.

அறிக்கையின் ஓரத்தில் ஐந்துக்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருந்தது. 5.2 என்ற எண்ணுக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். அன்றிரவு மதினி சாப்பிடவில்லை. தங்கை அழுதாள். அண்ணன் மகளின் திருமணத்தை அடுத்த தை மாதத்திலிருந்து வருகிற ஆவணிக்கு முன்தள்ளி விடலாம், தந்தை கண்ணாரக் காணட்டும் என்று பேசினோம். பிள்ளை வீட்டாரிடம் சொல்லியும் விட்டோம்.

செய்தி அண்ணனின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? திருமண நாள் ஏன் மாறுகிறது என்று கேட்டார். ஆளுக்கொரு காரணம் கூறினோம். நாற்பது ஆண்டுகள் பேரேடு பார்த்த கண்ணுக்கு, மூன்று பொய்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது தெரியாதா? அலமாரியைத் திறந்தார், அறிக்கைகள் அத்தனையும் எடுத்தார், முற்றத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். எங்களை அழைத்தார்.

"என் உடம்பின் கணக்கை எனக்கே மறைத்து எழுதுகிறீர்களா, தம்பி?"

அவர் குரலில் சினம் இருந்திருந்தால் தாங்கியிருப்போம். அது வருத்தமாக இருந்தது.

மறுநாள் அவரே அந்தக் காகிதங்களைக் கட்டிக் கொண்டு அம்மையாரிடம் சென்றார். அம்மையார் எங்களைக் கடிந்து கொண்டது நியாயமே. பின்னர் புதிதாகக் குருதி எடுத்து, முதலில் சோதித்த மருத்துவமனைக் கூடத்துக்கே அனுப்பினார். விடை 3.0. அதே நாளில் அதே குருதியின் ஒரு பகுதியைத் தெருக்கூடத்துக்கும் அனுப்பச் செய்தார். அங்கே 4.9.

"இரண்டு கூடமும் தவறு செய்யவில்லை. கருவி வேறு; எதிர்ப்பொருள் வேறு. ஓரிடத்து எண்ணை மற்றோரிடத்து எண்ணோடு ஒப்பிடக் கூடாது. நெஞ்சில் சளி கட்டினாலும், ஈரலில் கோளாறு இருந்தாலும், புகை பிடித்தாலும்கூட இது சற்று ஏறும்" என்றார் அம்மையார்.

அண்ணன் தலையசைத்தார். "அம்மா, உப்பளத்தில் இது எங்களுக்குப் பழக்கம். அம்பாரத்தில் உப்பு அப்படியே கிடக்கும். தராசை மாற்றுவார்கள், மூடைக் கணக்கு மாறும். புதுத் தராசு வந்தால் பேரேட்டில் கோடு கிழித்து, 'இன்று முதல் இந்தத் தராசு' என்று எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதுவோம். இல்லையென்றால் இருக்கிற உப்பு களவு போனதாகக் கணக்கு சொல்லும்."

கேட்டிருந்த எங்களுக்கு வெட்கமாயிற்று. பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர்கள் ஏழாண்டுகளுக்குப் பின் கண்டுகொண்ட உண்மையும் இதுவன்றோ? அவர்களுடைய தராசும் பெயர் மாறாமல் தன்மை மாறியிருந்தது. அவர்கள் பேரேட்டில் கோடு கிழித்து ஊரறிய எழுதினார்கள். நாங்களோ அலமாரியில் பூட்டி வைத்து அழுதோம்.

பின்னர் அண்ணன், அறுவை நாள் முதல் நாங்கள் மறைத்த அனைத்தையும் அம்மையாரிடம் கேட்டறிந்தார். பாதிப் பேர் என்ற கணக்கையும் கேட்டார். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நூறு பேரின் கணக்கு அது. என் பெயர் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறது என்று அதில் இல்லையே" என்றார். வீட்டை விற்காததைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னார்: "நானும் விற்க விட்டிருக்க மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டிருக்கலாம்." அச்சொல் இன்றும் எங்களுக்குள் உறுத்திக் கொண்டிருக்கிறது.

வாசகர்களே, அடையாளப் புரதங்கள் பயனற்றவை என்று நாங்கள் கூற வரவில்லை. ஏ.எல்.கே. என்னும் புரதத்தைப் பாருங்கள். நுரையீரல் புற்றுடையோரில் மிகச் சிலருக்கே அது முறை பிறழ்ந்து தோன்றும். அத்தகையோருக்கு அறுவைக்குப் பின் கீமோதெரபிக்குப் பதிலாக அதற்கென்றே அமைந்த மாத்திரை கொடுத்த ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது. ஈராண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தோர் மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 94. கீமோதெரபி பெற்றவர்களில் சுமார் 64. ஒரு சாயச் சோதனை ஒருவரின் சிகிச்சையையே மாற்றி விடுகிறது. அண்ணனுக்கு அதையும் சோதித்தார்கள். அவரிடம் அது இல்லை.

ஆகவே அடையாளங்கள் இருவகைப்படும். ஒருவகை வருவதை மட்டும் சொல்லும். மற்றொரு வகை செய்ய வேண்டியதைச் சொல்லும். முதல் வகை எண் ஒன்று கையில் கிடைத்தால், அதை வைத்துக் கொண்டு அஞ்சுவதைத் தவிரப் பெரும்பாலும் நம்மால் வேறொன்றும் செய்ய இயலாது. எனவே எந்தச் சோதனைக்கு முன்பும் மருத்துவரிடம் இதைக் கேட்பது நல்லது: "இதன் விடையால் சிகிச்சை ஏதேனும் மாறுமா?" மாறும் என்றால் கடன் வாங்கியேனும் செய்க. மாறாது என்றால் பொறுத்திருக்கலாம். தொடர்ந்து பார்க்க வேண்டிய சோதனையாயின், ஒரே கூடத்தில் பார்க்க வேண்டும். இவை அனைத்தினும் மேலாக, நோய் எவருடையதோ அவரை விலக்கி வைத்து எதையும் முடிவு செய்யலாகாது.

திருமணம் தை மாதத்திலேயே நடந்தது. அண்ணன் பந்தல்காரரிடம் பேரம் பேசினார். சமையல் கணக்கில் இரண்டு மூடை அரிசி கூடுதலாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். இப்போது அறுவை முடிந்து மூன்றாண்டுகள் கடந்து விட்டன. குறித்த காலத்தில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ஐந்தாண்டு என்னும் எல்லை இன்னும் தொலைவில்தான் இருக்கிறது; அதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம். படியேறினால் மூச்சு வாங்குகிறது. காதில் இரைச்சல் குறையவில்லை.

அறிக்கைகள் இப்போது அலமாரியில் இல்லை. நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் அண்ணனே தேதி வாரியாக அவற்றை எழுதி வைக்கிறார். 2023-ஆம் ஆண்டுப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அதன் கீழே அவர் கையெழுத்தில், "இன்று முதல் பழைய தராசு" என்று எழுதியிருக்கிறது.